டெஸ்ட் ஓடும்போது வரும் கன்சோல் அவுட்புட்டைப் பிடிப்பது, அடக்குவது எப்படி?

டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடுகின்றன. "இணைப்பு கிடைத்தது", "இங்கே வந்தாச்சு", யாரோ என்றோ போட்டுவிட்டு எடுக்காமல் விட்ட பிரிண்ட்கள், நடுநடுவே சில எச்சரிக்கைகள். நாளைக்கு ஒரு டெஸ்ட் நிஜமாகவே ஃபெயிலானால் அதற்கான காரணம் இந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கும், தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: நீங்கள் எழுதுவது கமாண்ட் லைன் கருவி என்றால் அது திரையில் என்ன அச்சிடுகிறது என்பதைத்தான் சோதித்தாக வேண்டும்.

இரண்டு வேலைக்கும் கருவி ஒன்றுதான். அது எனக்குப் பிடிபட நெடுநாள் ஆனது. ஏனென்றால், ஒவ்வொரு கருவியின் ஆவணமும் ஒரு ஃபங்ஷன் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், அது எந்த இடத்தில் வேலை செய்யாது என்பதை நாமே முட்டிமோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள்: பாஸான டெஸ்டின் அவுட்புட் கண்ணில் படக் கூடாது, ஃபெயிலான டெஸ்டின் அவுட்புட்டில் ஒரு வரி கூடத் தொலையக் கூடாது. கீழே எந்த வழியை நான் பரிந்துரைத்தாலும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் டெஸ்ட் கருவியின் பதிப்பு எண், அதன் அமைப்புக் கோப்பு, அதிகம் சத்தம் போடும் ஒரே ஒரு டெஸ்ட், தானியங்கி பில்ட் சர்வரில் கடைசியாக ஓடியதன் முழு லாக். இந்த நான்கும் போதும். பதிப்பு எண்ணை ஏன் கேட்கிறேன் என்றால், இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி பழைய பதிப்புக்கானவை. உதாரணமாக, ஸ்டாண்டர்ட் அவுட்டை (நிரலின் வழக்கமான அவுட்புட் போகும் வழி) திருப்பிவிடும் பைத்தானின் ரீடைரெக்ட்_ஸ்டீடவுட் 3.4-இல் வந்தது, ஸ்டாண்டர்ட் எர்ரருக்கான (பிழைச் செய்திகள் போகும் வழி) அதன் ஜோடி 3.5-இல்தான் வந்தது.

பணச்செலவு எதுவும் இல்லை, நான் சொல்பவை எல்லாம் மொழியோடு அல்லது டெஸ்ட் கருவியோடு இலவசமாக வருபவை. நேரம்தான் செலவு. சின்ன ப்ராஜெக்ட் என்றால் ஒரே உட்காரலில் முடிந்துவிடும். பழைய, பெரிய ப்ராஜெக்ட் என்றால் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், எந்த வரிசையில் போவது என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

2. அவுட்புட் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு "பிடித்துவிட்டேன், ஆனாலும் திரையில் வருகிறதே" என்று தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இயங்கும் ஒவ்வொரு புரோசஸுக்கும் வழக்கமாக மூன்று ஃபைல் டிஸ்கிரிப்டர்கள், அதாவது தரவு உள்ளே வெளியே போகும் வழிகளின் எண்கள் இருக்கும்: 0 உள்ளீட்டுக்கு, 1 ஸ்டாண்டர்ட் அவுட்டுக்கு, 2 ஸ்டாண்டர்ட் எர்ரருக்கு. இவை இயங்குதளம் கொடுப்பவை. இவற்றின் மேல் உங்கள் மொழி தனக்கென ஓர் ஆப்ஜெக்ட்டை வைத்திருக்கும். பைத்தானில் சிஸ்.ஸ்டீடவுட், ஜாவாவில் சிஸ்டம்.அவுட், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் கன்சோல், அதற்கும் அடியில் புரோசஸ்.ஸ்டீடவுட். நீங்கள் மேலே இருக்கும் ஆப்ஜெக்ட்டை மாற்றினால் அந்த ஆப்ஜெக்ட் வழியாக வருவது மட்டும்தான் சிக்கும். சி மொழியில் எழுதிய நூலகம் நேராக 1-க்கு எழுதினால் அது சிக்காது. நீங்கள் கிளப்பிவிட்ட துணைப் புரோசஸ் எழுதுவதும் சிக்காது, ஏனென்றால் பொதுவாக அது 1-ஐயும் 2-ஐயும் உங்களிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டு போகிறது, உங்கள் ஆப்ஜெக்ட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கண்டுபிடிக்கும் வழி: டெஸ்ட் கருவியின் பிடிப்பை நிறுத்திவிட்டு (எப்படி என்று 4-ஆம் படியில் இருக்கிறது), அந்தச் சத்தம் போடும் டெஸ்டை மட்டும் ஓட்டுங்கள். ஷெல்லில் 1-ஐ ஒரு கோப்புக்கும் 2-ஐ வேறொரு கோப்புக்கும் திருப்புங்கள். எந்த வரி எந்தக் கோப்பில் விழுகிறது என்று உடனே தெரியும். அப்புறம் டெஸ்டுக்குள் மொழியின் ஆப்ஜெக்ட்டை மட்டும் தற்காலிகமாக மாற்றிப் பாருங்கள். வரி நின்றுவிட்டால் மேல்மட்டத்தில் பிடித்தால் போதும். நிற்கவில்லை என்றால் டிஸ்கிரிப்டர் மட்டத்தில்தான் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அது லாகிங் (நிரல் குறிப்புகளை எழுதிவைக்கும் வசதி) வழியாக வருகிறது.

3. ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்

சோதிக்க வேண்டிய பலன், வெறும் இரைச்சல், ஏதோ சரியில்லை என்று சொல்லும் அறிகுறி. முதலாவதைப் பிடித்து ஒப்பிட வேண்டும். இரண்டாவதை அடக்கலாம், முடிந்தால் நிரலிலிருந்தே நீக்கிவிடுவது இன்னும் நல்லது. மூன்றாவதை அடக்கவே கூடாது. "இந்த ஃபங்ஷன் அடுத்த பதிப்பில் இருக்காது" என்ற எச்சரிக்கையை அடக்கினால் அடுத்த பதிப்பு வரும் நாளில் மொத்தமும் உடையும். பைத்தானுக்கான டெஸ்ட் கருவி பைடெஸ்டில் மைனஸ் டபிள்யூ தெரிவுக்கு எர்ரர் என்று கொடுத்தால் எச்சரிக்கை வந்த டெஸ்ட் ஃபெயிலாகும். எச்சரிக்கைகளைத் தீர்த்துவிட்டு இதைப் போட்டுவிடுங்கள், திரும்பத் தலைதூக்காது.

4. டெஸ்ட் கருவி ஏற்கெனவே செய்வதை முதலில் பயன்படுத்துங்கள்

சொந்தமாக ஏதாவது எழுதும் முன் இதைப் பாருங்கள், பாதிப் பேருக்கு இந்தப் படியோடு வேலை முடிந்துவிடும்.

பைடெஸ்ட் எதுவும் சொல்லாமலே டிஸ்கிரிப்டர் மட்டத்தில் பிடிக்கிறது, ஃபெயிலான டெஸ்டுக்கு மட்டும் பிடித்ததைக் காட்டுகிறது. மைனஸ் எஸ் கொடுத்தால் பிடிப்பு முழுக்க நின்றுவிடும். நேரலையாகவும் பார்க்க வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்றால் கேப்சர் தெரிவுக்கு டீ-சிஸ் என்று கொடுங்கள். உங்கள் பைடெஸ்ட் சத்தம் போடுகிறது என்றால் அமைப்புக் கோப்பில் யாராவது மைனஸ் எஸ்ஸை நிரந்தரமாகப் போட்டுவைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பிழை தேடும்போது போட்டதை எடுக்காமல் விட்டிருப்பார்கள். பிரேக்பாயின்ட் போட்டு நிறுத்துவதற்கு மைனஸ் எஸ் தேவையே இல்லை, டீபக்கர் திறக்கும்போது பைடெஸ்ட் தானாகவே பிடிப்பை விட்டுவிடும்.

பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்டில் இது தானாக நடக்காது, மைனஸ் பி கொடுக்க வேண்டும். கொடுத்தால் பாஸானவற்றின் அவுட்புட் போய்விடும், ஃபெயிலானவற்றின் அவுட்புட் காட்டப்படும். ஆனால் இது மொழியின் ஆப்ஜெக்ட் மட்டத்தில் மட்டும்தான், துணைப் புரோசஸ் சத்தம் தப்பி வரும்.

ரஸ்டில் கார்கோ டெஸ்ட் பிரிண்ட் மேக்ரோக்களின் அவுட்புட்டைத் தானே பிடிக்கிறது. பாஸானவற்றையும் பார்க்க ஷோ-அவுட்புட், பிடிப்பையே நிறுத்த நோகேப்சர். மேக்ரோ வழியாகப் போகாமல் ஸ்டாண்டர்ட் அவுட் ஹேண்டிலை எடுத்து நேராக எழுதினால் அது பிடிபடாது, புதியவர்கள் இதில்தான் அடிக்கடி குழம்புகிறார்கள்.

கோ மொழியில் பேக்கேஜ் பெயர்களைக் கொடுத்து ஓட்டினால் பாஸான பேக்கேஜுக்கு ஒரே ஒரு ஓகே வரி, ஃபெயிலானதற்கு முழு அவுட்புட். டெஸ்டுக்குள் நீங்களே ஏதாவது எழுத வேண்டும் என்றால் எஃப்எம்டி.பிரிண்ட்எல்என் வேண்டாம், டீ.லாக் பயன்படுத்துங்கள். அது ஃபெயிலானாலோ மைனஸ் வி கொடுத்தாலோ மட்டும்தான் தெரியும்.

ஜாவாஸ்கிரிப்டுக்கான டெஸ்ட் கருவி ஜெஸ்டில் சைலன்ட் தெரிவு உண்டு, ஆனால் கவனம். அது ஃபெயிலான டெஸ்டின் கன்சோல் வரிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். நான் முதலில் சொன்ன அளவுகோலில் இது தேறாது. அதே மொழிக்கான இன்னொரு கருவி வைட்டெஸ்டின் புதிய பதிப்புகளில் சைலன்ட் தெரிவுக்கு "பாஸ்டு-ஒன்லி" என்று கொடுக்கலாம், பாஸானவற்றை மட்டும் அடக்கும். அது கிடைத்தால் அதையே எடுங்கள்.

5. பிடித்து ஒப்பிடுவது

பைடெஸ்டில் கேப்சிஸ் என்ற ஃபிக்ஸ்சரை (டெஸ்டுக்குக் கருவி தயாராக எடுத்துக் கொடுக்கும் துணைப்பொருள்) டெஸ்ட் ஃபங்ஷனின் அளவுருவாகக் கேளுங்கள். சோதிக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். பிறகு கேப்சிஸின் ரீட்அவுட்எர்ரைக் கூப்பிட்டால் அவுட், எர் என்று இரண்டு உரைகள் வரும், அவற்றை ஒப்பிடுங்கள். துணைப் புரோசஸோ சி நூலகமோ இருந்தால் கேப்சிஸுக்குப் பதில் கேப்எஃப்டி. இரண்டையும் ஒரே டெஸ்டில் கேட்டால் பிழை வரும்.

ரீட்அவுட்எர் பற்றி இரண்டு விஷயம். அது கடைசியாகக் கூப்பிட்டதிலிருந்து இதுவரை வந்ததை மட்டும் தரும், தந்ததும் காலியாகிவிடும். ஆகவே இரண்டு முறை கூப்பிட்டு இரண்டாவதில் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, நீங்கள் எடுத்துக்கொண்ட உரை ஃபெயில் அறிக்கையில் வராது. டெஸ்டின் நடுவில் எடுத்துவிட்டு, பின்னால் சம்பந்தமில்லாத ஓர் அசர்ட் உடைந்தால் அந்த வரிகள் போனது போனதுதான். தேவைப்படும் என்று தோன்றினால் எடுத்ததை அசர்ட் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

ஜெஸ்டில் ஸ்பைஆன் கொண்டு கன்சோலின் லாக்கைக் கண்காணிக்கலாம். ஸ்பைஆன் மட்டும் போட்டால் அசல் ஃபங்ஷனும் ஓடும், வரி திரையில் வரும். அடக்க வேண்டும் என்றால் மாக்இம்ப்ளிமென்டேஷனுக்கு ஒன்றும் செய்யாத ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். புரோசஸ்.ஸ்டீடவுட்டுக்கு நேராக எழுதும் நூலகங்கள் இதில் சிக்காது, அதற்கு அந்த ரைட் ஃபங்ஷனைத்தான் கண்காணிக்க வேண்டும்.

ஜாவாவில் சிஸ்டம்.செட்அவுட்டுக்கு ஒரு பைட் அரே ஸ்ட்ரீமைச் சுற்றிய பிரிண்ட்ஸ்ட்ரீமைக் கொடுப்பது வழக்கம். ரூபியின் மினிடெஸ்டில் கேப்சர்_ஐஓ, துணைப் புரோசஸுக்கு கேப்சர்_சப்புரோசஸ்_ஐஓ என்று பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள், எல்லா மொழியிலும் இப்படி இருந்திருக்கலாம். டாட்நெட்டில் கன்சோல்.செட்அவுட்.

ஒப்பிடும்போது வரும் கண்ணிகள் எல்லா மொழிக்கும் பொது. வரி முடிவு விண்டோஸில் இரண்டு எழுத்து, லினக்ஸில் ஒன்று. கடைசி வரி முடிவை மறந்தால் ஒரே உரை போலத் தெரியும் இரண்டு உரைகள் பொருந்தாது. திரையில் நிறத்தோடு வரும் கருவிகள் தாங்கள் டெர்மினலில் ஓடுகிறோமா என்று பார்த்து நிறக் குறிகளைச் சேர்க்கின்றன. பிடிக்கும்போது டெர்மினல் இல்லை என்பதால் அவற்றின் நடத்தையே மாறிவிடும், உங்கள் கணினியில் ஒன்று, சர்வரில் ஒன்று என்று. நோ_கலர் என்ற சூழல் மாறியைப் பல கருவிகள் மதிக்கின்றன, டெஸ்டில் அதை வைத்துவிடுங்கள். டெர்மினல் அகலத்தைப் பார்த்து வரியை உடைக்கும் கருவிகளுக்கு காலம்ஸ் என்ற மாறியில் ஓர் எண்ணை நிலையாக வையுங்கள். தமிழ் மாதிரி எழுத்துகளை அச்சிடும் பைத்தான் நிரல், விண்டோஸ் திரையில் ஒழுங்காக வந்து, கோப்புக்கோ பைப்புக்கோ திருப்பியதும் யூனிகோட் பிழையோடு நிற்கலாம். பைத்தான்யூடிஎஃப்8 மாறியை 1 என்று வைத்தால் தீரும்.

அவுட்புட் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள், அந்த உருவமைப்பே வாக்குறுதியாக இருந்தால் தவிர. முக்கியமான சொல் இருக்கிறதா என்று பாருங்கள் போதும்.

இன்னொரு யோசனை, என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் மேல்: உங்கள் சொந்த நிரல் என்றால், எழுத வேண்டிய ஸ்ட்ரீமை ஃபங்ஷனுக்கு அளவுருவாகக் கொடுங்கள். கோவில் ஐஓ.ரைட்டர், பைத்தானில் கோப்பு போன்ற எந்த ஆப்ஜெக்ட்டும். டெஸ்டில் ஒரு நினைவக பஃபரைக் கொடுத்தால் வேலை முடிந்தது, எதையும் மாற்ற வேண்டாம், எதையும் மீட்க வேண்டாம். பைத்தானில் ஒரே ஒரு எச்சரிக்கை: அளவுருவின் இயல்பு மதிப்பாக சிஸ்.ஸ்டீடவுட் என்று எழுதிவிடாதீர்கள். அந்த மதிப்பு ஃபங்ஷனை வரையறுக்கும் நேரத்திலேயே முடிவாகிவிடும், பின்னால் யார் எதை மாற்றினாலும் அது பழைய ஆப்ஜெக்ட்டுக்கே எழுதும். நன் (மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) என்று இயல்பு மதிப்பை வைத்து, உள்ளே வந்த பிறகு தேர்ந்தெடுங்கள்.

6. துணைப் புரோசஸ், பைப், பஃபர்

டெஸ்ட் அப்படியே உறைந்து நிற்கிறதா? சந்தேகமே வேண்டாம், முதலில் பைப்பை, அதாவது ஒரு பக்கம் எழுதுவதை இன்னொரு பக்கம் படிக்கும் குழாயைப் பாருங்கள். லினக்ஸில் ஒரு பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். நீங்கள் 1-ஐ ஒரு பைப்புக்குத் திருப்பி, நிரலை ஓட்டி முடித்த பிறகு படிக்கலாம் என்று வைத்திருந்தால், அந்த அளவு நிறைந்ததும் எழுதும் பக்கம் இடத்துக்காகக் காத்திருக்கும், படிக்கும் பக்கம் நிரல் முடிவதற்காகக் காத்திருக்கும். இரண்டும் நகராது. சின்ன அவுட்புட்டில் மாதக்கணக்கில் பாஸாகிக்கொண்டிருந்த டெஸ்ட், ஒருநாள் அவுட்புட் பெருத்ததும் தொங்குவது இதனால்தான். கோவில் ஓஎஸ்.பைப் கொண்டு பிடிப்பவர்கள் படிப்பதைத் தனி கோரூட்டினில் தொடங்கிவிட்டு அப்புறம் நிரலை ஓட்டுங்கள். பைத்தானில் துணைப் புரோசஸுக்கு பைப் கொடுத்துவிட்டு வெய்ட் கூப்பிடாதீர்கள், கம்யூனிகேட் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பைப்புக்குப் பதில் தற்காலிகக் கோப்புக்குத் திருப்புங்கள், கோப்புக்கு இந்தக் கொள்ளளவுத் தொல்லை கிடையாது. பைடெஸ்டின் டிஸ்கிரிப்டர் பிடிப்பும் தற்காலிகக் கோப்பைத்தான் பயன்படுத்துகிறது.

அடுத்தது பஃபர், அதாவது எழுதியதை வெளியேற்றும் முன் சேர்த்துவைக்கும் இடம். ஸ்டாண்டர்ட் அவுட் டெர்மினலுக்குப் போகும்போது வரிக்கு வரி வெளியேறும், கோப்புக்கோ பைப்புக்கோ போகும்போது பெரிய துண்டுகளாகச் சேர்த்து வெளியேறும். அதனால்தான் வரிசை மாறி வருகிறது, சில வேளை டெஸ்ட் முடிந்த பிறகு அடுத்த டெஸ்டின் கணக்கில் விழுகிறது. திருப்பும் முன் ஒரு முறை, மீட்கும் முன் ஒரு முறை ஃப்ளஷ் செய்யுங்கள், சேர்ந்திருப்பது வெளியேறிவிடும். பைத்தான் துணைப் புரோசஸ் என்றால் மைனஸ் யூ கொடுத்து ஓட்டலாம்.

7. மாற்றியதை மீட்பது

ஸ்ட்ரீமை மாற்றுவது மொத்தப் புரோசஸையும் பாதிக்கும். நடுவில் அசர்ட் உடைந்து மீட்கும் வரி ஓடாமல் போனால் அதன் பிறகு வரும் எல்லா டெஸ்டின் அவுட்புட்டும் மாயமாகும், நீங்களோ சம்பந்தமில்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். மீட்பதை ஃபைனலி பகுதியிலோ டெஸ்டுக்குப் பின் ஓடும் ஹுக்கிலோ வையுங்கள், டெஸ்ட் உடலின் கடைசி வரியாக வைக்காதீர்கள். ஜெஸ்டில் ரீஸ்டோர்மாக்ஸ் என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்தால் ஸ்பை எல்லாம் தானாக மீளும்.

ஒரே புரோசஸில் பல த்ரெட்களில் டெஸ்ட் ஓடினால் ஒன்றின் அவுட்புட் இன்னொன்றின் வலையில் விழும். பைத்தானின் ரீடைரெக்ட்_ஸ்டீடவுட்டுக்கும் ஜாவாவின் செட்அவுட்டுக்கும் இது பொருந்தும். ஜாவாவின் டெஸ்ட் கருவி ஜேயூனிட் 5-இல் இணையாக ஓட்டுபவர்கள் ரிசோர்ஸ்லாக் குறிப்பில் சிஸ்டம்_அவுட் வளத்தைப் பூட்டுங்கள், அந்த டெஸ்ட்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கொஞ்சம் நேரம் கூடும், ஆனால் என்றைக்காவது ஒருநாள் மட்டும் ஃபெயிலாகும் டெஸ்டைத் துரத்துவதை விட அது மேல்.

8. லாக் வரிகளைத் தனியாகக் கவனியுங்கள்

லாகரை ஸ்ட்ரீம் வழியாகப் பிடிக்காதீர்கள். பைத்தானின் ஸ்ட்ரீம்ஹேண்ட்லர் தான் உருவாகும் நேரத்தில் இருக்கும் ஸ்டாண்டர்ட் எர்ரரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிப்பு நடக்கும்போது அது உருவானால், டெஸ்ட் முடிந்து அந்த ஸ்ட்ரீம் மூடப்பட்ட பிறகும் அதற்கே எழுதப் பார்க்கும், "மூடிய கோப்பில் எழுத முடியாது" என்ற பிழை வரும். பைடெஸ்டில் கேப்லாக், யூனிட்டெஸ்டில் அசர்ட்லாக்ஸ் இருக்கின்றன. இவை உரையாக இல்லாமல் பதிவுகளாகவே தரும், எந்த நிலை, எந்த லாகர் என்று நேராகக் கேட்கலாம். கேப்லாக் காலியாக வருகிறதே என்றால் அந்த லாகரின் புரொப்பகேட் ஃபால்ஸ் ஆக இருக்கிறதா என்று பாருங்கள், கேப்லாக் ரூட் லாகரில்தான் உட்கார்ந்திருக்கிறது.

9. எந்த வரிசையில், எவ்வளவு நாளில்

முதல் நாள் 4-ஆம் படியை மட்டும் செய்து இணையுங்கள், ஒரு அமைப்பு மாற்றத்திலேயே பெரும்பகுதிச் சத்தம் அடங்கும். அடுத்து, தப்பி வரும் வரிகளை அதிகம் சத்தம் போடும் கோப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுங்கள், ஒரு கோப்புக்கு ஒரு மாற்றம் என்று. எல்லாம் அடங்கிய பிறகுதான் "எதிர்பாராத கன்சோல் பிழை வந்தால் ஃபெயில்" என்ற கடுமையான விதியைப் போடுங்கள். முதலிலேயே போட்டால் நூற்றுக்கணக்கில் சிவப்பு வந்து, குழுவில் யாராவது ஒருவர் விதியையே அணைத்துவிடுவார்.

பில்ட் சர்வரில் முழு அவுட்புட்டையும் தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள், திரையில் சுருக்கம் மட்டும் வரட்டும். உள்ளூரில் வராத பிழை அங்கே வரும்போது அந்தக் கோப்புதான் கை கொடுக்கும். அங்கே பைடெஸ்டை எக்ஸ்டிஸ்ட் என்ற செருகுநிரல் கொண்டு பல புரோசஸ்களில் ஓட்டுகிறீர்கள் என்றால் மைனஸ் எஸ் வேலை செய்யாது, நேரலையாகப் பார்க்க வேண்டிய டெஸ்டை மட்டும் எக்ஸ்டிஸ்ட் இல்லாமல் தனியாக ஓட்டுங்கள்.